களிமண்–வைக்கோல் சுவர்களில் சாய்சட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரத்தூண்களும் சட்டங்களும் கூரையைத் தாங்க, அவற்றின் இடைவெளியில் களிமண் குழம்பில் புரட்டிய வைக்கோலைப் பலகைகளுக்கு நடுவே திணித்து எழுப்பும் சுவரைப் பற்றியது இத்தொகுப்பு. ஜெர்மனியின் பழைய மரச்சட்ட வீடுகளில் இருந்த மண் நிரப்பிலிருந்து உருவாகி, பிற்பாடு அமெரிக்காவுக்கும் சென்ற முறை இது. இம்முறையில் வீடு கட்ட விரும்புவோர் மண்ணின் பக்குவம், வைக்கோலின் அளவு, பூச்சின் நிறம் ஆகியவற்றைப் பற்றி நிறையப் படித்துவிட்டே வருகிறார்கள். சட்டம் பக்கவாட்டில் சரியாமல் நிற்பது எப்படி, அதற்காக மூலைக்கு மூலை சாய்வாகப் பொருத்தும் சாய்சட்டம் எப்படி அமைய வேண்டும் என்ற இடத்தில்தான் ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தந்துள்ளேன். பதில்களில் உள்ள கணக்குகள் விசை எந்த வழியில் போகிறது என்பதைக் காட்டுவதற்கானவை. உங்கள் வீட்டுக்குரிய அளவுகளைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரே முடிவு செய்ய வேண்டும்.

தூண் நிறுத்தி, மேலே உத்தரம் ஏற்றி, ஆணி அடித்தாயிற்று. ஆள் ஏறி நின்றாலும் அசையவில்லை. பிறகு எதற்குச் சாய்சட்டம்?

ஆள் ஏறி நிற்கும்போது எடை நேராகக் கீழே இறங்குகிறது. அதைத் தாங்குவது தூணுக்கு எளிது. காற்றும் நிலநடுக்கமும் பக்கவாட்டில் தள்ளுகின்றன. இரண்டு தூண்கள், ஒரு மேல்சட்டம், ஓர் அடிச்சட்டம் ஆகிய நான்கும் சேர்ந்த செவ்வகம், நான்கு பக்கங்களின் நீளமும் சிறிதும் மாறாமலேயே ஒரு புறமாகச் சரிந்துவிட முடியும். அதை எதிர்ப்பவை மூலைகளில் உள்ள ஆணிகளும் மூட்டுகளும் மட்டுமே. அவை சில பலத்த காற்றுகளிலேயே இளகிவிடும். மூலைக்கு மூலை ஒரு சட்டத்தைச் சாய்வாகப் பொருத்தினால் செவ்வகம் இரண்டு முக்கோணங்களாகப் பிரிகிறது. முக்கோணத்தின் ஒரு பக்கம் நீளவோ, வளையவோ, முனையில் கழன்றுபோகவோ செய்தாலன்றி அதன் வடிவம் மாற வழியில்லை.

மண்ணில் ஆழமாக நட்ட தூண் தானாகவே ஓரளவு பிடிமானம் தரும் என்பது உண்மைதான். ஆனால் ஈரத்துக்கும் கறையானுக்கும் அஞ்சி, இம்முறையில் தூண்களைக் கல் அல்லது கான்கிரீட் அடிப்பீடத்தின் மேல்தான் நிறுத்துகிறோம். எனவே அந்தப் பிடிமானத்தைக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஓர் அடி கனத்துக்குச் சுவர் திணிக்கிறோம். அவ்வளவு பெரிய சுவரே சட்டத்தைப் பிடித்துக்கொள்ளாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பிடித்துக்கொள்ளாது என்பதே பதில். கனம் வேறு, விறைப்பு வேறு. ஜெர்மானிய மண் கட்டுமான வழக்கில், ஒரு கன மீட்டர் 1,200 கிலோவுக்கும் குறைவாக எடையிருந்தால்தான் அதை இலகு மண் என்கிறார்கள். வைக்கோல் மிகுந்த கலவை அதைவிடப் பன்மடங்கு இலகுவாகவும் இருக்கும். அதன் உள்ளே பெரும்பகுதி காற்று. வெப்பத்தைத் தடுக்கும் பண்பு அந்தக் காற்றினால் வருவது. அழுத்தினால் அமுங்கும் பண்பும் அதே காற்றினால் வருவதுதான். சட்டம் சரியத் தொடங்கும்போது நிரப்பு முதலில் அமுங்கி இடம் கொடுக்கும். அது கெட்டிப்பட்டு எதிர்ப்பதற்குள் பூச்சு வெடித்து, கதவுகள் நிலையில் சிக்கிக்கொள்ளும் அளவுக்குச் சட்டம் சாய்ந்திருக்கும். உலரும்போது நிரப்பு சற்றுச் சுருங்கி மேல்சட்டத்துக்குக் கீழே மெல்லிய இடைவெளி விடுவதையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் மாதிரி வீட்டுக் கட்டுமான விதித்தொகுப்பு, 2015 பதிப்பில் இச்சுவருக்கென ஒரு பிற்சேர்க்கையைச் சேர்த்தது. நிரப்பு எடை தாங்காதது என்று அது வரையறுக்கிறது. பொறியாளரின் தனிக் கணக்கு இல்லாவிட்டால் ஒற்றைத் தளத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. காற்றை எதிர்ப்பதற்குத் தூண்களில் பள்ளம் வெட்டிப் பதித்த சாய்சட்டங்களைப் பயன்படுத்தச் சொல்கிறது. சுவரின் கனத்துக்கு அது எந்தச் சலுகையும் தரவில்லை.

வெளிப்பக்கம் முழுவதும் பிளைவுட் அடித்துவிட்டால் சாய்சட்டமே தேவையில்லை என்கிறாரே எங்கள் தச்சர்?

சாதாரண மரச்சட்ட வீட்டுக்கு அவர் சொல்வது சரி. பிளைவுட் அங்கே மிகச் சிறந்த பிடிமானம். இங்கே அது சுவரைக் கெடுக்கும். திணிக்கும்போது குளித்துவிட்டு வந்ததுபோல் இருக்கும் வைக்கோல், இரு பக்கமும் காற்றுப் பட்டுத்தான் உலர வேண்டும். மேலே சொன்ன விதித்தொகுப்பு இச்சுவர்களின் மேல் முழுப் பலகை அடிப்பதையே தடை செய்கிறது. உலர்வதற்கு ஏதுவாகக் கனம் ஏறத்தாழ 30 செ.மீ.க்கு (ஓர் அடிக்கு) மிகக்கூடாது என்றும், ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் 10 செ.மீ. ஆழத்தில் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு மேற்படாத நிலை வந்த பிறகே இறுதிப் பூச்சுப் பூச வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஒரு பக்கத்தைப் பிளைவுட்டால் அடைத்தால் அந்தப் பக்கத்து வைக்கோல் பூஞ்சை பிடித்து மட்கத் தொடங்கும்.

களிமண் நிரப்பாத உட்சுவர்கள் ஏதேனும் இருந்தால், உதாரணமாகக் குளியலறைக்கும் படுக்கையறைக்கும் இடையிலுள்ள தடுப்பு, அதில் தாராளமாகப் பிளைவுட் அடித்து அதையே ஒரு பிடிமானச் சுவராக மாற்றலாம். இந்த வாய்ப்பைப் பலர் யோசிப்பதே இல்லை.

சாய்சட்டத்தை எவ்வளவு சாய்வில் வைக்க வேண்டும்? சன்னலுக்கு இடம் விட்டுச் சற்று நிமிர்த்தி வைக்கலாமா?

தரையிலிருந்து அளந்தால் 45 முதல் 60 பாகை வரை இருப்பதே வழக்கம். இந்த வரம்பு ஏன் என்பதை ஒரு கணக்கு காட்டும். மேல்சட்டத்தை 1,000 கிலோ அளவு விசை பக்கவாட்டில் தள்ளுவதாகவும், அதை ஒரே சாய்சட்டம் தாங்குவதாகவும் கொள்வோம். 45 பாகைச் சாய்வில் சாய்சட்டத்தின் வழியே ஓடும் விசை ஏறத்தாழ 1,414 கிலோ. சுவரின் ஒரு முனையை மேலே தூக்கும் விசை 1,000 கிலோ. அதையே 60 பாகைக்கு நிமிர்த்தினால், சாய்சட்டத்தில் 2,000 கிலோவும் தூக்கும் விசையாக 1,732 கிலோவும் வந்துவிடும். இன்னும் நிமிர்த்தினால் இரண்டும் விரைவாக ஏறும்.

இதனால் சன்னல் இல்லாத முழுச்சுவர்ப் பகுதி ஒரு குறைந்தபட்ச அகலத்துக்காவது வேண்டியிருக்கிறது. எட்டடி உயரச் சுவரில் 60 பாகைக்கே 55 அங்குலம் தேவை. பத்தடி உயரமானால் 69 அங்குலம். வரைபடத்தில் சன்னல்களைக் குறித்த பிறகு மிஞ்சிய இடத்தில் சாய்சட்டத்தை நுழைக்கப் பார்ப்பவர்கள் இந்த அகலம் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். முதலில் முழுச்சுவர்ப் பகுதிகளை ஒதுக்கிவிட்டு, பிறகு சன்னலுக்கு இடம் தேடுவதே முறை.

ஒவ்வொரு சுவரிலும் வேண்டுமா? நான்கு மூலைகளில் மட்டும் போதாதா?

ஒரு சுவர் அதன் நீளவாக்கில் வரும் விசையை மட்டுமே எதிர்க்கும். கிழக்கிலிருந்து அடிக்கும் காற்றைத் தாங்குவது கிழக்குச் சுவர் அன்று. அது காற்றை வாங்கிக் கூரைமட்டத்துக்குக் கொடுக்க, வடக்குச் சுவரும் தெற்குச் சுவருமே தாங்கி நிற்கின்றன. ஆகவே நான்கு வெளிச்சுவர்களிலும் வேண்டும். ஒவ்வொரு சுவரிலும் எதிரெதிர்த் திசையில் சாய்ந்த ஓர் இணையாவது இருந்தால், காற்று எப்பக்கம் திரும்பினாலும் அவற்றில் ஒன்று அழுத்தத்திலும் மற்றொன்று இழுவிசையிலும் வேலை செய்யும்.

தோட்டத்தைப் பார்த்த சுவர் முழுவதையும் கண்ணாடியாக்கிவிட்டு, மற்ற மூன்று சுவர்களில் இரட்டிப்பாகப் போட்டுக்கொள்ளலாம் என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் விறைப்பெல்லாம் ஒரு பக்கமாகக் குவிந்து, தள்ளும்போது வீடு முறுக்கிக்கொள்ளும். மேலும், கூரைமட்டத்திலும் மூலைகளில் கிடைச்சாய்சட்டங்களோ பலகைத் தளமோ இருந்து எல்லாச் சுவர்களையும் ஒன்றாகப் பிணைத்தால்தான் விசை உரிய சுவரைச் சென்றடையும்.

மரமா, இரும்புப் பட்டையா?

மெல்லிய இரும்புப் பட்டை இழுத்தால் தாங்கும், அழுத்தினால் துவண்டுவிடும். எனவே அதைக் குறுக்கும் மறுக்குமாக இரண்டாகப் போட்டே தீர வேண்டும், முறுக்கி விறைப்பாக்கவும் வேண்டும். ஈரமான களிமண்ணைப் பல வாரங்கள் தொட்டுக்கொண்டிருப்பதால் துத்தநாகம் பூசியதாக இருப்பது நல்லது. ஆணிகளுக்கும் இது பொருந்தும்.

மரச்சட்டத்தைத் தூண்களில் பதித்து ஒவ்வொரு தூணிலும் ஆணி அடிப்பதால், அது அழுத்தத்திலும் எளிதில் வளையாது. என் விருப்பம் மரமே. அதன் வலிமை மரத்தின் பருமனில் இல்லை, முனைகளில் உள்ள ஆணிகளில் இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். ஒவ்வொரு தூணிலும் இரண்டு ஆணிகளாவது வேண்டும். பெரிய விசை வரும் இடங்களில் தடித்த சட்டமும் போல்ட்டும் தேவைப்படும்.

தூணும் உத்தரமும் சேருமிடத்தில் வைக்கும் அழகான மூலை முட்டுகள் போதுமா?

கண்ணுக்குத் தெரியும் பெருமரச் சட்டங்களில் இவை சட்டத்தை ஓரளவு விறைப்பாக்கும். ஆனால் முதல் பதிலில் சொன்ன முழு முக்கோணம் இங்கே கிடைப்பதில்லை. முட்டு, தூணின் நடுப்பகுதியில் போய் முடிவதால் தூணை வளைக்கப் பார்க்கிறது. தூண் மெலிந்ததாக இருந்தால் முட்டு சேரும் இடத்திலேயே முறியலாம். தவிர, துளையில் செருகி மரமுளை அடித்த முட்டு அழுத்தத்தைத்தான் நன்றாகத் தாங்கும். இழுத்தால் முளையை மட்டுமே நம்பியிருக்க வேண்டும். பாரம்பரியத் தச்சர்கள் இவற்றை எதிரெதிர் இணைகளாக வைத்ததன் காரணம் இதுதான். ஜெர்மானிய மரச்சட்ட வீடுகளின் முகப்பில் தெரியும் நீண்ட சாய்சட்டங்களைப் பாருங்கள்: பல, அடிச்சட்டத்திலிருந்து கிளம்பித் தூணின் மேற்பகுதி வரையிலும் செல்கின்றன. அந்த நீளத்தில்தான் பலம் இருக்கிறது.

சாய்சட்டம் நடுவில் நின்றால் வைக்கோலைத் திணிக்க முடியவில்லை. அதன் கீழே பொந்து விழுகிறது. என்ன செய்வது?

சுவரின் கனத்துக்கு நட்டநடுவே சாய்சட்டம் ஓடினால் இந்தத் தொல்லை நிச்சயம். மேலிருந்து திமிசுக்கட்டையால் இடிக்கும்போது சாய்சட்டத்தின் அடிநிழலில் வைக்கோல் இறுகுவதில்லை. உலர்ந்த பிறகு அங்கே இடைவெளி தெரியும், குளிரும் காற்றும் எலியும் அதைக் கண்டுபிடித்துவிடும்.

தீர்வு, சாய்சட்டத்தைத் தூணின் முகப்பில் பள்ளம் வெட்டிப் பதிப்பதுதான். 89 மி.மீ. அகலத் தூணில் 19 மி.மீ. சட்டத்தைப் பதிக்க வெட்டும் பள்ளம் தூணின் அகலத்தில் ஏறத்தாழ 21 விழுக்காடு. எடை தாங்கும் தூணில் 25 விழுக்காட்டுக்கு மேல் வெட்டக்கூடாது என்பது அமெரிக்க விதி; அதற்குள் இது அடங்கிவிடுகிறது. உள்வரிசைத் தூண்கள் கூரையைத் தாங்க, வெளிவரிசைச் சிறு சட்டங்கள் நிரப்பைப் பிடிக்க, இரண்டையும் ஏணிபோல் இணைத்துக் கட்டும் சுவரானால், எடை தாங்கும் உள்வரிசையில்தான் சாய்சட்டம் இருக்க வேண்டும். அதன் பிறகும், சாய்சட்டம் குறுக்கிடும் இடங்களில் திமிசைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே பக்கவாட்டில் அடைத்துத் திணியுங்கள். வேகமாக முடிக்க நினைக்கும் குழுக்கள் தவறவிடும் இடம் இதுவே.

பூச்சு காய்ந்ததும் சாய்சட்டத்தின் வழியே கோடு போட்டதுபோல் வெடிக்கிறதே?

களிமண் பூச்சு மரத்தில் ஒட்டாது. மரமும் வைக்கோலும் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும் அளவும் வேறு வேறு. பூசுவதற்கு முன், பதித்த சட்டத்தின் மேல் நாணல் தட்டியோ சணல் வலையோ அடித்து, அது இரு பக்கமும் நிரப்பின் மேல் ஒரு சாண் அளவுக்காவது படர்ந்திருக்கும்படி செய்யுங்கள். பிளந்த சாக்குத்துணியைக் களிமண் குழம்பில் நனைத்து அப்புவதும் பயன் தரும். மயிரிழை வெடிப்பு பிறகும் தெரிந்தால், அது அழகுக் குறை மட்டுமே. ஆனால் வெடிப்பு ஆண்டுதோறும் அகன்றுகொண்டே போனால் சாய்சட்டத்தின் முனை ஆணிகள் இளகுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ஈரக் களிமண்ணுக்குள் புதைத்தால் மரம் உளுத்துப்போகாதா?

உலர வழியிருந்தால் உளுக்காது. காய்ந்த களிமண் தன்னிடம் மிகக் குறைந்த ஈரத்தையே வைத்துக்கொள்வதால், தன்னைத் தொட்டிருக்கும் மரத்திலிருந்தும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மண்ணுக்குள் நூற்றாண்டுகள் இருந்த சட்டங்கள் ஐரோப்பாவில் இன்றும் நல்ல நிலையில் கிடைக்கின்றன. கேடு வருவது மூன்றாம் கேள்வியில் சொன்னதுபோல் ஒரு பக்கத்தை அடைக்கும்போதும், கசியும் கூரையினாலும், அடிச்சட்டம் நனைவதாலும்தான்.

சாய்சட்டம் எல்லாம் சரியாகப் போட்டாயிற்று. அடிச்சட்டத்தை அடிப்பீடத்தின் மேல் சும்மா உட்கார வைத்தால் போதுமா? வீட்டின் எடையே அழுத்திக்கொள்ளாதா?

போதாது. நான்காம் கேள்வியின் கணக்கில் சுவரின் ஒரு முனையைத் தூக்கும் விசையைப் பார்த்தோம். சாய்சட்டம் பக்கவாட்டு விசையை மாயமாக்குவதில்லை. அதைக் கீழே கொண்டுவந்து சேர்க்கிறது. கூரையும் சுவரும் அழுத்தும் எடை அந்தத் தூக்கலில் ஒரு பகுதியைக் கழிக்கும் என்பது சரியே. ஆனால் கூரையைக் காற்று மேலே உறிஞ்சும் அதே நேரத்தில்தான் தூக்கலும் உச்சத்தில் இருக்கும். அடிச்சட்டம் சறுக்காமலிருக்க இடைவெளி விட்டு நங்கூர போல்ட்டுகள் வேண்டும். சாய்சட்டம் முடியும் முனைத் தூண்களை அடிப்பீடத்தோடு பிணைக்கத் தனியாக இரும்புப் பிடிப்புகளும் வேண்டும். அடிப்பீடமே காரை இல்லாத உதிரிக் கல்லாக இருந்தால் போல்ட்டு எதைப் பிடிக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தக் கட்டத்தில் போட வேண்டும்? திணித்து முடித்த பிறகு போட்டால் வேலை எளிது அல்லவா?

திணிப்பதற்கு முன்பே போட வேண்டும். சட்டத்தை நிறுத்தி, குண்டுநூல் பிடித்து, இரு மூலைவிட்டங்களும் சமமாக இருக்கின்றனவா என்று மூலைமட்டம் பார்த்து, நிலையான சாய்சட்டங்களை அடித்துக் கூரையையும் வேய்ந்த பிறகே களிமண் வேலை தொடங்கலாம். திமிசு இடிக்கும் அதிர்வும், பலகைகளை இழுத்துக் கழற்றும் விசையும் சட்டத்தை நகர்த்தக்கூடியவை. அதனால் உட்பக்கம் தற்காலிக முட்டுகளையும் நிரப்பு முடியும் வரை விட்டுவைப்பது நல்லது.

வைக்கோல் கட்டுகளை அடுக்கிக் கட்டும் வீட்டில் களிமண் பூச்சையே பிடிமானமாக ஏற்கிறார்களாம். நமக்கு மட்டும் ஏன் இல்லை?

நல்ல கேள்வி. அதே 2015 பதிப்பு, வைக்கோல் கட்டுச் சுவர்களுக்கான பிற்சேர்க்கையில் ஏறத்தாழ 38 மி.மீ. கனக் களிமண் பூச்சைப் பிடிமானமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள இடமளிக்கிறது. வலையில்லாத பூச்சுக்குக் குறைந்த மதிப்பும், வலை பதித்த பூச்சுக்கு அதிக மதிப்பும் உண்டு. அங்கே இறுக்கிக் கட்டிய வைக்கோல் கட்டின் இரு முகங்களிலும் தடித்த பூச்சு ஊடுருவிப் பிடித்திருக்கிறது. வலை, மேல்சட்டத்திலும் அடிச்சட்டத்திலும் அறையப்பட்டு விசையை நேரே சட்டத்திடம் கொடுக்கிறது. நம் சுவரின் மெல்லிய பூச்சுக்கு அந்தத் தொடர்பு இல்லை. எந்தப் பிற்சேர்க்கையின்படி கட்டுகிறோமோ அதன் சலுகைகளை மட்டுமே எடுத்துக்கொள்ள முடியும்.

காஷ்மீரின் தஜ்ஜி வீடுகளில் மண்ணும் கல்லும் மரமும் சேர்ந்துதானே நிலநடுக்கத்தைத் தாங்கின? அப்படியானால் இரண்டாம் பதில் தவறாகாதா?

2005 அக்டோபர் 8 நிலநடுக்கத்தில் நன்கு கட்டிய தஜ்ஜி சுவர்கள் சிறப்பாக நின்றது உண்மையே. பின்னர் பாகிஸ்தானின் மறுகட்டுமானத் திட்டத்திலும் அம்முறை ஏற்கப்பட்டது. அங்கே சட்டம் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, அவற்றில் சாய்சட்டங்களும் நிறைந்திருக்கும். கட்டங்களுக்குள் அடைத்த கல்லும் மண்சாந்தும் குலுங்கும்போது ஒன்றோடொன்று உராய்ந்து அதிர்வின் ஆற்றலைத் தின்கின்றன. 1755 நிலநடுக்கத்துக்குப் பின் லிஸ்பனில் எழுப்பிய கட்டடங்களின் உட்சுவர்களிலும் பெருக்கற்குறி வடிவச் சாய்சட்டங்களுக்கு இடையே கல்லும் செங்கல்லும் அடைத்தார்கள்.

இரண்டிலும் நிரப்பு செய்வது துணைவேலை. வடிவத்தைக் காப்பது சாய்சட்டமும் அதன் மூட்டுகளும்தான். அந்தக் கல் நிரப்பின் பண்பை இலகுவான வைக்கோல் நிரப்பின் மேல் ஏற்றிச் சொல்ல முடியாது. நம்முடையதற்கு உள்ள நன்மை வேறு: எடை குறைவாக இருப்பதால் நிலநடுக்கம் அதன் மேல் செலுத்தும் விசையும் குறைவு.

தமிழ்நாட்டில், அதுவும் கடலோரத்தில், இப்படிக் கட்டலாமா?

இந்தியக் காற்றுவிசைத் தரம் சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டரும், மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டரும் அடிப்படைக் காற்று வேகமாக வைத்திருக்கிறது. அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், பிற காரணிகளைச் சேர்க்கும் முன்பே சதுர மீட்டருக்குச் சென்னையில் ஏறத்தாழ 150 கிலோவும் மதுரையில் 93 கிலோவும் வரும். 6 மீட்டர் நீளமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள சுவரில் மேற்பாதியின் காற்றுவிசை கூரைமட்டத்துக்குப் போகிறது: சென்னையில் அது 1,000 கிலோவைத் தாண்டும், கூரையின் மேல் படும் காற்று தனி. ஆகவே கடலோரத்தில் மெல்லிய பதித்த சட்டத்தை மட்டும் நம்பாமல், போல்ட்டு இட்ட தடித்த சாய்சட்டங்களைப் பொறியாளர் கணக்கிட்டுத் தர வேண்டும்.

மற்றபடி, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு தையில் திணிக்கத் தொடங்கினால் வெயில் காலம் முழுவதும் சுவர் உலரக் கிடைக்கும். கறையான் ஏறாதபடி அடிப்பீடத்தை உயர்த்தி, மண் சுரங்கப்பாதை ஏதும் தெரிகிறதா என்று பார்க்கும்படி அதைப் பூசாமல் விட்டுவைக்கலாம். வைக்கோலைவிடச் சாய்சட்டத்தின் கீழ்முனையைக் கறையான் தின்பதே எனக்குப் பெரிய கவலை. அது போனால் முக்கோணமும் போயிற்று.

சாய்சட்டமே இல்லாமல் கட்டி முடித்துவிட்டோம். இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். முதலில் குண்டுநூலால் எல்லா மூலைகளையும் சோதித்து, சுவர் ஏற்கெனவே சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் கயிறு கட்டி இழுத்து நிமிர்த்த முயலாதீர்கள். நிரப்பும் பூச்சும் பிளந்து நிலைமை மோசமாகும். அதைப் பொறியாளர் பார்த்த பிறகே தொட வேண்டும்.

சாயாத சுவரானால், உட்பக்கத்துப் பூச்சைச் சாய்சட்டம் செல்லும் பாதையில் மட்டும் செதுக்கி எடுத்து, தூண்களில் பள்ளம் வெட்டிச் சட்டத்தைப் பதித்து ஆணி அடிக்கலாம். நிரப்பைக் கத்தியாலேயே வெட்டிவிட முடிவது இச்சுவரின் பெரிய வசதி. அடிச்சட்டத்தின் பிடிப்புகளையும் அப்போதே சரிபார்த்துவிட வேண்டும். பிறகு சணல் வலை அடித்து, ஓரங்களை நன்றாக நனைத்து, முன்பு பூசிய அதே மண்ணால் பூசினால் பழைய பூச்சோடு சேர்ந்துவிடும்.